தெளிய வச்ச ஆசிட்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு வெளிய பாக்க வேணாம். பந்தல்குடி தாண்டுற வரைக்கும் அங்கங்க சோலார் தகடாத்தான் கிடக்கு, கருப்பு கருப்பா, வரிசையா. காலையில போறப்பவும் அதைப் பாத்துக்கிட்டேதான் போனேன். திரும்பறப்பவும் அதேன்னா மனசு தாங்காது.

இல்ல சார், துக்க வீடு இல்ல. துக்க வீடுன்னாகூட போனோம், மாலையப் போட்டோம், குளிச்சோம்னு முடிஞ்சிரும். விளாத்திகுளத்துல ஒரு பிள்ளையப் பாத்துட்டு வர்றேன். இசக்கியம்மாள்னு பேரு. அஞ்சு மாசமாப் போகணும் போகணும்னு நினைச்சு இன்னைக்குத்தான் போனேன். ஆரஞ்சு, பிஸ்கட்டு எல்லாம் வாங்கிட்டுத்தான் போனேன். ஞாயித்துக்கிழமை, ஒரு நாள் லீவு, அதையும் விட்டுட்டு வீடு தேடிப் போன மனுசனை, போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேட்டா எப்பிடி இருக்கும், சொல்லுங்க. நீங்க படிச்சவராத் தெரியுறீங்க. கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

எனக்கு மதுரையில கெமிக்கல் கடை. வயலுக்கு அடிக்கிற மருந்து இல்ல. காலேஜு, ஆராய்ச்சிக் கூடம், மருந்துக் கம்பெனி, இவங்களுக்கு வேண்டிய ஆசிட்டு, உப்பு, கண்ணாடிக் குடுவை. முப்பத்தொரு வருசம் ஆச்சு. ஒரு தடவைகூட "இல்லை"ன்னு ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புனதில்ல. எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. "அண்ணாச்சிகிட்டப் போ, இல்லாதது கிடையாது." அந்தப் பேருதான் சார் என் சொத்து.

இந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துல பிஎச்.டி பண்ணிக்கிட்டிருந்தா. அப்பா இந்த ரூட்டுலதான் மினி பஸ் ஓட்டுறாரு. முதத் தடவை கடைக்கு வந்தப்ப ஹெல்மெட்டைக் கழட்டாமயே லிஸ்ட்டை வாசிச்சா. அம்புட்டு அவசரம். எல்லாம் சின்னச் சின்ன பாட்டில். கடைசியா, "ஹைட்ரயோடிக் ஆசிட் அண்ணாச்சி. கலப்பில்லாதது. கெட்டுப் போகாம இருக்க சேர்க்கிறாங்கல்ல, அது சேர்க்காதது"ன்னா.

"என்னம்மா செய்யப் போற?"ன்னு கேட்டேன். நான் எல்லார்கிட்டயும் கேப்பேன். யாரும் சொல்ல மாட்டாங்க. இவ சொன்னா. ஹெல்மெட்டைக் கழட்டி கல்லாமேல வச்சுட்டு, ஒரு கால் மணி நேரம் சொன்னா.

நீங்க பாக்குற இந்தத் தகடெல்லாம் சிலிக்கானாம். அதைச் செய்ய உலை மாதிரி பெரிய சூடு வேணுமாம். இவ செய்யுறது வேற. பெரோவ்ஸ்கைட்டுன்னு பேரு. எனக்கு அந்தப் பேரு வாயில நுழையவே ஆறு மாசம் ஆச்சு. இந்த ஆசிட்டை வச்சு ஒரு வெள்ளை உப்பு பண்ணுவா. அந்த உப்பையும் ஈய உப்பையும் கரைச்சு, கண்ணாடிமேல ஒரு சொட்டு விட்டு, பம்பரம் மாதிரி சுத்த விடுவா. தலைமுடியில நூத்துல ஒரு பங்கு கனத்துக்குப் படியும். சூடு காட்டுனா கருத்துரும். அதுல வெயில் பட்டா கரண்டு. அம்புட்டுத்தான்.

"அம்புட்டுத்தானா? அப்ப ஏன் கடையில விக்கல?"ன்னேன்.

"செத்துப் போயிரும் அண்ணாச்சி. கொஞ்சம் ஈரம் பட்டாப் போதும், மழைக்கால அப்பளம் மாதிரி ஆயிரும். படியும்போது உள்ள ஓட்டை ஓட்டையா நிக்குது. அதை அடைக்க உலகம் பூராம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு ஒரு துளி சேத்துப் பாக்குறாங்க. சேர்ற துளிதான் எல்லாம்."

"ரசத்துக்குப் பெருங்காயம் மாதிரியா?"

சிரிச்சா சார். நல்லா வாய்விட்டுச் சிரிப்பா. "ஆமா அண்ணாச்சி. எந்தப் பெருங்காயம்னுதான் யாருக்கும் தெரியல."

எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளைக. ரெண்டு பேரும் கடைப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டானுக. இந்தப் பிள்ளை வந்தா எனக்குச் சந்தோசமா இருக்கும். பொய் சொல்லல.

அந்த வருசம் சரக்கு வரல. கப்பல்ல வர்ற சரக்கு, துறைமுகத்துல என்னமோ பேப்பர் தகராறுன்னு நிப்பாட்டி வச்சுட்டாங்க. இவ தினமும் போன். "அண்ணாச்சி, வந்துருச்சா? மூணு வாரத்துல ரிவ்யூ. சாருக்கு ஏதாவது காட்டணும்." சாருன்னா அவளோட கைடு, ஹரிஹரசுதன்னு ஒரு புரொபசர். நல்ல மனுசன்தான், ஆனா பொறுமை கிடையாது. இவ ஒரு நாள் போன்ல அழுதுட்டா.

நான் என்ன செய்ய? "இல்ல"ன்னு சொல்லணுமா?

மேல பரண்ல ஒரு பெட்டி பழைய சரக்கு இருந்துச்சு. அதே ஆசிட். அரை லிட்டர் பாட்டில், பன்னெண்டு. இந்த ஆசிட் நாள்பட்டா நெறம் மாறிரும் சார். தண்ணி மாதிரி இருக்கிறது மஞ்சளாகி, செவந்து, கடைசியில டீ டிகாக்சன் மாதிரி ஆயிரும். யாரும் வாங்க மாட்டாங்க. ஆனா அதைத் தெளிய வைக்க ஒரு வழி இருக்கு. பம்பாய்ல சரக்கு எடுக்கப் போனப்ப ஒருத்தன் காட்டிக் குடுத்தான். ஹைப்போபாஸ்பரஸ் ஆசிட்னு ஒண்ணு. அதைக் கொஞ்சம் ஊத்திக் கலக்கி விட்டா, கண்ணு முன்னால அந்தக் கருஞ்சிவப்பு கரைஞ்சு கரைஞ்சு, தெளிஞ்ச தண்ணியா நிக்கும். நீங்க பாத்தா கும்பிடுவீங்க. அவ்வளவு அழகு. கெட்டுப் போகாம இருக்கக் கம்பெனிக்காரனே சேர்க்கிறது இதைத்தான். அவன் அளந்து சேர்ப்பான். நான் கண்ணளவுதான், கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன். ஒண்ணொண்ணா பன்னெண்டையும் தெளிய வச்சேன். பெட்டியைத் திறந்தாச்சு, பாதியில விடுவானேன்?

பழைய லேபிளைச் சுரண்டிட்டுப் புதுசு ஒட்டுனேன். கலப்பில்லாததுன்னுதான் ஒட்டுனேன். அவ அதைத்தானே கேட்டா?

தப்புன்னு உங்க மூஞ்சி சொல்லுது. இருங்க, மிச்சத்தையும் கேளுங்க.

பாட்டிலைக் குடுத்தேன். தூக்கி வெளிச்சத்துல காட்டிப் பாத்தா. "எவ்வளவு சுத்தமா இருக்கு அண்ணாச்சி!"ன்னு சொல்லி, குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி மார்போட அணைச்சுத் தூக்கிட்டுப் போனா.

ரெண்டு மாசம் சத்தமே இல்ல. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், மூச்சு வாங்க ஓடி வர்றா. கையில கோவில்பட்டி கடலைமிட்டாய் பெட்டி. "அண்ணாச்சி, வந்துருச்சு அண்ணாச்சி!" அதுவரைக்கும் நூறு பங்கு வெயில்ல பதினேழு, பதினெட்டு பங்குதான் கரண்டா மாறுமாம். இப்ப இருபத்திரெண்டரை. அதுகூடப் பெருசு இல்ல, ஆயிரம் மணி நேரம் ஆகியும் சாகலையாம். கண்ணாடித் துண்டு ஒண்ணைக் கொண்டாந்து காட்டுனா. நகத்தளவு. கருப்பா மினுமினுன்னு இருந்துச்சு. நான் என்னத்தைக் கண்டேன்? ஆனா அவ மூஞ்சியைப் பாத்தேன். அந்த மூஞ்சியை நீங்க பாத்திருந்தா என்னைக் குத்தம் சொல்ல மாட்டீங்க.

வெளிநாட்டுப் பத்திரிகையில கட்டுரை வந்துச்சு. கடைசியில நன்றின்னு போட்டு, நாலாவதா என் பேரு, கடைப் பேரு. பிரேம் போட்டுக் கடையில மாட்டி வச்சேன். வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவேன். நம்ம சரக்குல பண்ணதும்பேன். உண்மைதானே? நம்ம சரக்குலதானே பண்ணா?

அப்புறம் துறைமுகத்துச் சரக்கு வந்துச்சு. அசல் சரக்கு. நானே முதல் பாட்டிலை அவளுக்கு எடுத்து வச்சுக் குடுத்தேன். அங்கதான் சார் சனியன் பிடிச்சது.

வரல. அந்தப் பாட்டில்ல அந்தக் கரண்டு வரல. பதினேழு, பதினாறு. நாலு நாள்ல மஞ்சளாப் போயிருதாம். திரும்பத் திரும்பப் பண்றா, வரல. அந்தச் சமயம் பாத்து கொரியாவுல இருந்து ஒரு கடிதம், புனேயில இருந்து ஒண்ணு. "நீங்க எழுதுன மாதிரியே செஞ்சோம், எங்களுக்கு வரல"ன்னு. கைடு கூப்பிட்டு, "என் கண்ணு முன்னால செஞ்சு காட்டு"ன்னாராம். செஞ்சா. வரல.

கடைக்கு வர ஆரம்பிச்சா. வாரத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை. எதையெல்லாமோ வாங்குவா. யூரியா வாங்குனா. எலுமிச்சம்பழத்துல இருக்கிற ஆசிட்டை வாங்குனா. காப்பியில இருக்குமே, தூக்கம் வராமப் பண்ற சரக்கு, அதைக்கூடத் தூளா வாங்கிட்டுப் போய்ப் போட்டுப் பாத்தா. ஒவ்வொண்ணுலயும் ஒரு துளி. ஒண்ணு கொஞ்சம் ஏத்தும், ஒண்ணு இறக்கும். அந்தப் பழைய இருபத்திரெண்டரை மட்டும் வரவே இல்ல. ஆளு பாதியா இளைச்சுட்டா. தலையில எண்ணெய் இல்ல. ஹெல்மெட்டைக் கழட்டுறதும் நின்னு போச்சு.

ஒரு நாள் கேட்டா. "அண்ணாச்சி, அந்த முதல் பாட்டில் எந்தக் கம்பெனி?"

"அதே கம்பெனிதாம்மா."

"வேற லாட்டா?"

"ஒவ்வொரு தடவை தயாரிக்கிறப்பவும் லாட்டு மாறும். சரக்கு ஒண்ணுதான்."

அடுத்த வாரம் திரும்ப அதே கேள்வி. அதே பதில். மூணாந் தடவை வந்தப்ப, "அந்தப் பாட்டில்ல கால் பங்கு மிச்சம் வச்சிருக்கேன் அண்ணாச்சி. அதுல பண்ணா மட்டும் வருது. நேத்துப் பண்ணேன், இருபத்தொண்ணு வந்துச்சு. அதுல என்னமோ இருக்கு"ன்னா.

"அந்தப் பாட்டிலைக் கொண்டாம்மா, பழசு எதுக்கு, மாத்திப் புதுசு தர்றேன்"னேன்.

என்னையவே பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. "வேண்டாம் அண்ணாச்சி, இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அன்னைக்கே தெரிஞ்சிருச்சா, இல்ல சும்மா பாத்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

ஏன் சொல்லலைன்னு கேக்குறீங்க. கேக்கல, ஆனா நினைக்கிறீங்க. சார், கலப்படக்காரன்னு ஒரு பேரு வந்தா முப்பத்தொரு வருசமும் போச்சு. நானூறு காலேஜு என்கிட்ட வாங்குது. அவளுக்கு ஒரு கட்டுரை போனா இன்னொரு கட்டுரை எழுதிக்கலாம். சின்ன வயசு. எனக்கு அறுபத்திமூணு.

விசாரணைக் கமிட்டி போட்டாங்க. இசக்கி கரண்டுக் கணக்கைக் கூட்டிப் போட்டுட்டாளோன்னு. கமிட்டியில இருந்து எனக்கும் ஒரு கடிதம். "இந்தத் தேதியில நீங்க குடுத்த பாட்டிலுக்கான கம்பெனிச் சர்டிபிகேட்டை அனுப்புங்க." பிள்ளை சிக்கல்ல இருக்கா, சும்மா இருக்க முடியுமா? அசல் சரக்கோட வந்த சர்டிபிகேட்டு ஒண்ணு இருந்துச்சு. அதைக் காப்பி எடுத்து, லாட் நம்பரை மட்டும் பாட்டிலுக்குத் தக்கன சரி பண்ணி அனுப்புனேன். நல்ல பேப்பர் சார். சுத்தம், கலப்பில்லைன்னு தெளிவாப் போட்டிருந்துச்சு. அவளுக்கு உதவியா இருக்கும்னுதான் அனுப்புனேன்.

அதைப் படிச்சுட்டு கமிட்டி என்ன முடிவுக்கு வரும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? ஆசிட் சுத்தம்னா, அப்ப பிள்ளைதான் பொய்யின்னு ஆயிருச்சு. கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கன்னு சொல்லிட்டாங்க. மெஷின் இருக்கிற ரூமுக்குள்ள போகக் கூடாதுன்னு சாவியைப் பிடுங்கிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள இடத்தைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

அவகிட்ட மிஞ்சுனது அந்தக் கால் பாட்டில்தான். மெஷின்ல வச்சிருந்தா பத்து நிமிசத்துல உள்ள என்ன இருக்குன்னு சொல்லிருமாம். அவ முறை வர்றதுக்குள்ளதான் சாவியைப் பிடுங்கிட்டாங்களே. அதனால அதைக் காய்ச்சி வத்த வச்சு, அடியில என்ன மிஞ்சுதுன்னு பாக்கலாம்னு நினைச்சிருக்கா. பழைய பி.எஸ்சி. லேப் ஒண்ணு கிடந்திருக்கு. புகையை வெளிய இழுக்குற கூண்டுல ஃபேன் ஓடாது. எல்லாரும் சாப்பிடப் போன நேரம்.

வியாழக்கிழமை. ஒண்ணேகால் மணி. கடையில ரெண்டு வாத்தியாருங்க நின்னுக்கிட்டிருந்தாங்க. போன் வருது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. இனிமே கேக்க மாட்டேன்."

"சொல்லும்மா."

"பாட்டிலைக் காய்ச்சிக்கிட்டிருக்கேன். பூண்டு வாடை வருது. அழுகுன மீன் மாதிரியும் இருக்கு. இந்த ஆசிட்ல அப்பிடி வராது. இதுல ஏதாவது சேத்தீங்களா? சேத்திருந்தாச் சொல்லிருங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சார், நான் ஊத்துனேனே, அந்த ஹைப்போபாஸ்பரஸ் பாட்டில், அதோட லேபிள்ல சிவப்பு எழுத்துல போட்டிருக்கும். சூடு காட்டாதே, விஷ வாயு வரும், தானாத் தீப்பிடிக்கும்னு. முப்பத்தொரு வருசமா லேபிள் பாக்குறவன் நான். படிச்சிருக்கேன். ஆனா அந்த நேரத்துல அது ஞாபகம் வரணுமே? ரெண்டு வாத்தியாருங்க எதிர்க்க நிக்கிறாங்க. அவங்க காதுல விழுற மாதிரி என்னத்தைச் சொல்ல?

"அதே கம்பெனிச் சரக்குதாம்மா"ன்னேன். "குடுவையைச் சரியாக் கழுவியிருக்க மாட்ட. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ."

"நெசமாவா அண்ணாச்சி?"

"நெசமாத்தாம்மா."

"சரி அண்ணாச்சி"ன்னு வச்சுட்டா. என் பேச்சை அப்பிடி நம்புற பிள்ளை சார் அது.

வாத்தியாருங்களை அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிடணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள சாப்பாடு வந்துருச்சு. சாப்பிட்டுக் கை கழுவிட்டுக் கூப்பிட்டேன். எடுக்கல. திரும்பக் கூப்பிட்டேன். ஒரு ஆம்பளை எடுத்து, "யாருங்க நீங்க? இங்க தீ விபத்து"ன்னான். நான் வச்சுட்டேன்.

பக்குன்னு தீ பிடிச்சிருக்கு. கண்ணாடி வெடிச்சு மூஞ்சியில. அதைவிட அந்த வாயு நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கு. ஒம்பது நாள் நினைவு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாம இல்ல. கண்ணாடிக் கதவுக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்தேன். அவ அப்பா காக்கிச் சட்டையோட தரையில உக்காந்திருந்தாரு. என்னைப் பாத்து எந்திரிச்சுக் கும்பிட்டாரு. "உங்களைப் பத்தி எப்பவும் சொல்லும்ங்க"ன்னாரு. பேப்பர்ல, ஆராய்ச்சி மாணவி அஜாக்கிரதைன்னு போட்டான். நான் அந்தப் பேப்பரை வீட்டுக்குக் கொண்டு போகல.

இன்னைக்குப் போனேன்.

வீட்டு வாசல்ல மினி பஸ் நிக்குது. உள்ள ஃபேனுக்கு அடியில நாற்காலியில இருந்தா. இடது கண்ணு போச்சு. வலதுல நிழல் மாதிரி தெரியுதாம். நாலு வார்த்தை பேசுனா மூச்சு இழுக்குது. நான் செருப்பைக் கழட்டுறேன், அதுக்குள்ள, "அண்ணாச்சியா?"ன்னா. எப்பிடித் தெரிஞ்சதுன்னு தெரியல.

ஆரஞ்சுப் பையை அவ அம்மாகிட்டக் குடுத்தேன். காப்பி போட உள்ள போனாங்க. நான் பேச்சைத் தொடங்குறதுக்கு முன்னாடியே அவ தொடங்கிட்டா.

"ஹைப்போபாஸ்பரஸ் ஆசிட்தானே அண்ணாச்சி?"

அவளோட ரோஸ்லின்னு ஒரு பிள்ளை ஆராய்ச்சி பண்ணுது. அது அந்த உடைஞ்ச குடுவைச் சில்லுல ஒட்டியிருந்ததைச் சுரண்டி மெஷின்ல வச்சுப் பாத்துருச்சாம். மூணு மாசம் முன்னாடியே. பாத்துட்டு, அசல் ஆசிட்ல அளந்து அதை ஒரு சொட்டு, ரெண்டு சொட்டு, மூணு சொட்டுன்னு சேத்துக் கண்ணாடியில பூசியிருக்கு. மூணு சொட்டுக்கு வந்துருச்சாம். இருபத்திமூணு. கொரியாக்காரங்களுக்கும் எழுதிப் போட்டு, அவங்களுக்கும் வந்துருச்சாம். ஓட்டையை அடைக்கிற துளி அதுதானாம். கட்டுரை திரும்ப எழுதறாங்க. இவ பேருதான் முதல்ல. கைடு வீடு தேடி வந்து, தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டுப் போனாராம்.

எனக்கு ஒரு நிமிசம் மனசு லேசாயிருச்சு சார். "அப்ப நல்லதுதானம்மா, நான் போட்டதாலதானே கிடைச்சது"ன்னு சொல்லிட்டேன். வாய் தவறிச் சொன்னது இல்ல, மனசுல இருந்துதான் வந்துச்சு. இல்லையா? நான் அன்னைக்கு "இல்ல"ன்னு சொல்லியிருந்தா அந்தத் துளி கிடைச்சிருக்குமா?

அவ கோவப்படல. அதுதான் எனக்குத் தாங்கல. "எவ்வளவு ஊத்துனீங்க?"ன்னு கேட்டா.

"கண்ணளவும்மா."

சிரிச்சா. சிரிப்பு இருமலாகி, இருமி இருமி, அவ அம்மா ஓடி வந்து முதுகைத் தடவிக் குடுத்தாங்க. அடங்குனதும் கேட்டா. "எத்தனை பாட்டில் தெளிய வச்சீங்க?"

"ஒண்ணுதாம்மா. உனக்கு மட்டும்தான்."

"பெட்டியில பன்னெண்டு வரும் அண்ணாச்சி. ஒரு பாட்டிலுக்காக யாரும் லேபிள் அடிக்க மாட்டாங்க."

அவ அம்மா கொண்டாந்த காப்பியை வாங்கிக் கீழ வச்சேன்.

"மத்தது யாருகிட்ட இருக்கு?"

"ஞாபகம் இல்லம்மா. எம்புட்டோ நாளாச்சு."

"வாங்கினவங்க அதைக் காய்ச்சுவாங்க. அந்த ஆசிட்டை வாங்குறதே காய்ச்சத்தான்." மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொல்றா. "ஞாபகம் வர்ற வரைக்கும் இங்கயே உக்காருங்க அண்ணாச்சி. ஒண்ணும் அவசரமில்ல. ஒவ்வொரு பேரா வரும். அப்பா எழுதிக்குவாரு."

அந்த மனுசன் நெசமாவே ஒரு நோட்டை எடுத்துட்டு வந்து எதிர்க்க உக்காந்துட்டாரு. டிக்கெட் எழுதற பேனா. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு. காப்பி ஆறிப் போயிருச்சு. எம்புட்டு நேரம்னு உக்காந்திருக்க முடியும்? மூணு மணிப் பஸ்ஸை விட்டா அடுத்தது இல்லன்னு சொல்லி எந்திரிச்சு வந்துட்டேன். வாசல் வரைக்கும் யாரும் வரல. நடந்துக்கிட்டது சரியா, சொல்லுங்க. நான் அவளுக்கு அப்பன் வயசு.

ஞாபகமா? ஞாபகம் இல்லாம என்ன சார். வியாபாரிக்கு மறதி வந்தாக் கடையைச் சாத்த வேண்டியதுதான். பன்னெண்டுல இவளுக்கு ஒண்ணு. நாலு பாட்டில் சிவகாசிப் பக்கம் ஒரு பார்ட்டிக்குப் போச்சு, அவரு காய்ச்ச மாட்டாரு, வேற எதுக்கோ. அது போன வருசமே தீந்திருக்கும். ஒண்ணு உடைஞ்சு போச்சு. ரெண்டு ஒரு ஊறுகாய் டெஸ்ட் பண்ற லேப்புக்கு, அவங்க இழுத்து மூடிட்டாங்க. மிச்சம் நாலும் ஒரு பார்மசி காலேஜுக்கு. ரெண்டு மாசம் முன்னாடிதான் குடுத்தேன்.

ஆமா சார். விபத்துக்கு அப்புறம்தான். ஆர்டர் வந்துச்சு, கையில வேற சரக்கு இல்ல. லேபிள்தான் நல்லா இருந்துச்சே.

பொம்பளப் பிள்ளைக காலேஜு. மூணாம் வருசம், ஒரு பேட்சுக்கு இருபது பிள்ளைக. ஒரு பிராக்டிகல் இருக்கு, மருந்தை இந்த ஆசிட்ல போட்டு ரெண்டு மணி நேரம் கொதிக்க விடணும். அந்த மேடம் ஆர்டர் குடுக்கும்போதே சொன்னாங்க, பரீட்சைக்கு வேணும்னு. அந்தப் பரீட்சை நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு ஆரம்பிக்குது. தேதி எனக்கு எப்பிடித் தெரியும்னா, குடுவை பத்தலைன்னு வெள்ளிக்கிழமைதான் போன் பண்ணாங்க. அனுப்பி வச்சேன்.

ஏன் சார் அப்பிடிப் பாக்குறீங்க? அங்க ஃபேன் ஓடும். புதுக் கட்டடம். மேடம் கெட்டிக்காரங்க, வாடை வந்தா நிப்பாட்டிருவாங்க. அளவும் கொஞ்சம்தான் எடுப்பாங்க. இவ அவ்வளவையும் வத்தக் காய்ச்சுனா. எல்லாருக்கும் அப்பிடி ஆகணும்னு இல்லயே.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, யாரு எடுப்பா? மேடம் செல் நம்பர் இருக்கு. இல்லாம என்ன. எடுத்து, என்னன்னு ஆரம்பிக்கிறது? "நான் குடுத்த பாட்டிலைத் தொடாதீங்க"ன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா எப்பத் தெரியும்னு கேப்பாங்க. நீங்கதான் சொல்லுங்களேன், படிச்சவரு. மொத வார்த்தை என்ன சொல்றது? காலையில கடையைத் திறந்துட்டு நிதானமாக் கூப்பிடலாம்னு இருக்கேன். ஒம்பதரைக்குத்தானே.

இல்ல, உங்க போன் வேணாம். என்கிட்டயே சார்ஜ் இருக்கு. உள்ள வைங்க சார்.

காலேஜு பேரா?

அது எதுக்கு உங்களுக்கு?